வீட்டில் கட்டிய வெள்ளை லேசர்: மூன்று நிறங்களின் வெளிச்சத்தைச் சமன் செய்ய முழுமையான வழிகாட்டி

சித்திரை மாதம். கும்பகோணத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் ஒரு கிராமத்துக் கோயில் திருவிழா. நானே கட்டிய லேசர் பெட்டியிலிருந்து மதில்சுவரில் ஒரு குத்துவிளக்கை வெள்ளைக் கோட்டில் வரைந்திருந்தேன். ஏழு மணிக்குப் பார்த்தபோது பால் வெள்ளை. ஒன்பது மணிக்கு விழாக்குழுப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். "என்ன தம்பி, விளக்குல களிம்பு ஏறின மாதிரி இருக்கு?" என்றார்.

நாச்சியார்கோயில் பித்தளையைப் பார்த்து வளர்ந்த கண். அவர் சொன்னது அப்படியே உண்மை. விளக்கு பச்சை பூத்து நின்றது. பெட்டிக்குள் எதுவும் பழுதாகவில்லை. சிவப்பு மட்டும் சோர்ந்து போயிருந்தது.

அன்றிலிருந்து நான் பிடித்துக்கொண்ட விஷயம் ஒன்றுதான்: சிவப்பு எவ்வளவோ, அவ்வளவுதான் வெள்ளை. பச்சையும் நீலமும் எவ்வளவு இருந்தாலும் சிவப்போடு சேர்ந்து நிற்கும் அளவுக்கு அவற்றை இறக்கத்தான் வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதை நான் பெட்டியில் கை வைக்கும் வரிசையிலேயே சொல்கிறேன்.

கணக்கு முதலில்

ஒரே வாட் ஒளியை எல்லா நிறத்திலும் நம் கண் ஒரே வெளிச்சமாகப் பார்ப்பதில்லை. பகல் பார்வையில் கண் அதிகம் உணர்வது 555 நானோமீட்டர் பச்சையை. அங்கே ஒரு வாட்டுக்கு 683 லுமென் (கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தின் அளவு). அதை 1 என்று வைத்துக்கொண்டால், 520 நானோமீட்டர் பச்சை டையோடு சுமார் 0.71. 638 நானோமீட்டர் சிவப்பு சுமார் 0.19. 450 நானோமீட்டர் நீலம் வெறும் 0.038.

இதைப் பார்த்துவிட்டு, நீலம் கண்ணுக்கு மங்கல்தானே, அதை நிறைய ஊற்ற வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். வெளிச்சம் வேறு, நிறம் வேறு. நீலம் வெளிச்சமாகத் தெரியாது, ஆனால் நிறத்தைத் தன் பக்கம் பலமாக இழுக்கும். 638, 520, 450 என்ற இந்த மூன்று அலைநீளங்களை வைத்துப் பகல் வெள்ளைக்குக் கணக்குப் போட்டால், பச்சை 100 மில்லிவாட் என்றால் சிவப்பு சுமார் 145, நீலம் சுமார் 57 வருகிறது.

என் பெட்டியில் சிவப்பு 500 மில்லிவாட். அப்படியானால் பச்சை 345, நீலம் 200. இதைக் கண்ணின் கணக்கில் மாற்றிப் பாருங்கள்: சிவப்பு 65 லுமென், பச்சை 167 லுமென், நீலம் 5 லுமென். மொத்தம் 237 லுமெனில் நீலத்தின் பங்கு அவ்வளவுதான். ஆனால் அந்த ஐந்தை எடுத்துவிட்டால் சுவரில் மஞ்சள்தான் நிற்கும்.

உங்களிடம் இருப்பது பழைய டிவிடி ரைட்டரிலிருந்து எடுத்த 660 நானோமீட்டர் சிவப்பு என்றால் நிலைமை மாறிவிடும். அந்த அலைநீளத்தைக் கண் மிகக் குறைவாகவே உணரும். பச்சை 100க்குச் சிவப்பு 400க்கு மேல் வேண்டும். 650 என்றால் சுமார் 240. அதனால் சிவப்பு டையோடு வாங்கும்போது மில்லிவாட்டை மட்டும் பார்க்காமல் அலைநீளத்தையும் பாருங்கள். 638க்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு வீண் போகாது. பச்சைக்கு 520 டையோடுக்குப் பதில் 532 நானோமீட்டர் லேசர் வைத்திருந்தால் விகிதம் 144, 100, 71 என்று ஆகும்.

நீலத்தைப் பற்றி இன்னொன்று. செதுக்கும் மெஷினுக்கு வரும் பல வாட் நீல டையோடு மலிவாகக் கிடைக்கிறதே என்று அதைப் போடாதீர்கள். 200 மில்லிவாட்டுக்கு இறக்கினால் அது லேசராகத் தொடங்கும் மின்னோட்டத்தை ஒட்டியே ஓடும். அந்த இடத்தில் ஒளி நிலையாக நிற்காது, இலேசாக மாற்றினாலே தாவும். சின்ன நீல டையோடு ஒன்றை நிதானமாக ஓட்டுவதுதான் நல்லது.

கண்ணுக்குப் பாதுகாப்பு

500 மில்லிவாட்டைத் தாண்டினால் அது நான்காம் வகுப்பு லேசர். நேரடிக் கற்றை மட்டுமல்ல, சுவரில் பட்டுச் சிதறும் சின்னப் புள்ளியைப் பக்கத்திலிருந்து பார்ப்பதே கண்ணைக் கெடுக்கலாம். மின்னோட்டம் வைக்கும்போதும், கற்றைகளை ஒன்றாக்கும் கண்ணாடிகளைச் சீரமைக்கும்போதும் மூன்று அலைநீளத்தையும் தடுக்கும் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். மோதிரம், வாட்ச் இரண்டையும் கழற்றி வையுங்கள். மேசையில் எவர்சில்வர் டம்ளர் இருக்கக் கூடாது. கற்றை போய் முடியும் இடத்தில் ஒரு செங்கல் நிற்கட்டும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அறைக் கதவை உள்ளே தாழிட்டுவிட்டு வேலை செய்யுங்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பாதுகாப்புக் கண்ணாடி போட்டால் நிறம் தெரியாது. கழற்றினால் கண்ணுக்கு ஆபத்து. அதற்கு நான் செய்யும் வழியைக் கீழே சொல்கிறேன்.

டையோடை மாட்டும் முன் டிரைவரைச் சரி செய்யுங்கள்

டிரைவர் என்பது டையோடுக்கு மின்னோட்டம் கொடுக்கும் சர்க்யூட். நல்ல அனலாக் டிரைவரில் இரண்டு ப்ரீசெட் (திருகி அளவை மாற்றும் சின்ன ரெசிஸ்டர்) இருக்கும். ஒன்று தொடக்க மின்னோட்டத்துக்கு, இன்னொன்று உச்ச மின்னோட்டத்துக்கு. லேசர் டையோடை மாட்டி வைத்துக்கொண்டு இவற்றைத் திருப்பாதீர்கள். ஒரு சின்னத் தாவல் போதும், டையோடு போய்விடும்.

முதலில், லேசர் டையோடுக்குப் பதிலாக மாட்டி அளக்க ஒரு போலிச் சுமை செய்யுங்கள். 4007 டையோடுகளைத் தொடராகச் சேர்த்து, அதோடு 1 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. சிவப்புக்கு மூன்று நான்கு டையோடு போதும். நீலத்துக்கும் பச்சைக்கும் ஆறு ஏழு வேண்டும். ரெசிஸ்டரின் இரு முனையிலும் மல்டிமீட்டரை வையுங்கள். 300 மில்லிவோல்ட் காட்டினால் 300 மில்லியாம்ப் ஓடுகிறது என்று பொருள். மாடுலேஷன் கம்பியில் (வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் சிக்னல் வரும் கம்பி) 5 வோல்ட் கொடுத்து, டையோடின் விவரத்தாளில் உள்ள உச்சத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். பிறகு மின்சாரத்தை அணைத்து, டிரைவரின் வெளியீட்டு முனைகளைக் கம்பியால் சேர்த்து கெப்பாசிட்டரில் மிச்சம் இருப்பதை வடித்துவிட்டு, அதற்கு அப்புறம்தான் லேசர் டையோடை இணைக்க வேண்டும்.

அடுத்தது தொடக்க மின்னோட்டம். மாடுலேஷன் 0 வோல்ட்டில் இருக்கும்போது டையோடு எல்.இ.டி. போல மங்கலாக மினுங்கலாம், ஆனால் கூர்மையான புள்ளி வரக் கூடாது. அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே வையுங்கள். குறைத்துவிட்டால் மங்கலான நிறங்கள் எல்லாம் காணாமல் போகும். கூட்டிவிட்டால் அணைந்திருக்க வேண்டிய கோடுகள் சுவரில் நூல் நூலாகத் தெரியும்.

டிடிஎல் டிரைவர் என்றால் ஆன், ஆஃப் மட்டும்தான். உச்சத்தை வைத்து வெள்ளையைச் சரிசெய்யலாம், இடைநிறங்கள் கிடைக்காது.

கற்றைகள் ஒன்றாகட்டும், அப்புறம் அளவு

நிறத்தைச் சமன் செய்த பிறகு கண்ணாடியைத் தொட்டால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. அதனால் டைகுரோயிக் கண்ணாடிகளின் வேலையை முதலில் முடியுங்கள். ஒரு நிறத்தைத் திருப்பி இன்னொன்றை ஊடுருவ விட்டு, மூன்று கற்றையையும் ஒன்றாக்குபவை அவைதான். பெட்டியின் வாயிலிலும், பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளியும், இரண்டு இடத்திலும் மூன்று புள்ளிகளும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டும். வெள்ளைப் புள்ளியின் ஒரு ஓரம் சிவப்பாகவும் மறு ஓரம் நீலமாகவும் தெரிந்தால் இன்னும் சேரவில்லை.

சிவப்பு டையோடின் கற்றை பெரும்பாலும் மற்ற இரண்டையும்விட அதிகமாக விரியும். பக்கத்தில் சரியாக இருந்த வெள்ளை, தூரத்தில் நடுவே மயில்கழுத்து நிறமாகவும் சுற்றிலும் சிவந்தும் தெரிவதற்கு இதுதான் காரணம். ப்ரீசெட்டைத் திருப்பி இதைச் சரிசெய்ய முடியாது. சிவப்புக்கு உருளை லென்ஸ் ஜோடி போட்டு விரிவைக் குறைக்க வேண்டும்.

இப்போது பவர் மீட்டரைக் கண்ணாடிகளுக்குப் பின்னால், கற்றை வெளியே வரும் இடத்தில் வையுங்கள். டையோடின் வாயில் அளந்தது கணக்கில் சேராது. வழியில் ஒவ்வொரு கண்ணாடியும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். வெப்பத்தை வைத்து அளக்கும் மீட்டர் எல்லா நிறத்துக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி காட்டும். சிலிக்கான் சென்சார் மீட்டர் என்றால் அலைநீளத்தைச் சொல்லித்தான் அளக்க வேண்டும், ஏனென்றால் அது சிவப்பை நன்றாகவும் நீலத்தைக் குறைவாகவும் உணரும்.

சிவப்பை மட்டும் ஏற்றுங்கள். இருபது நிமிடம் ஓடிச் சூடான பிறகு என்ன அளவு காட்டுகிறதோ அதுதான் உங்கள் கூரை. ஏற்றிய உடனே காட்டும் அளவை எழுதிக்கொள்ளாதீர்கள். அந்தக் கூரையிலிருந்து மேலே சொன்ன விகிதப்படி பச்சையையும் நீலத்தையும் இறக்குங்கள். ஒரு வாட் பச்சையை 345க்கு இறக்கும்போது மனசு கேட்காது, எனக்கும் அப்படித்தான் இருந்தது. இறக்கிவிடுங்கள்.

கண்ணால் சமன் செய்வது

மீட்டர் உங்களைப் பக்கத்தில் கொண்டுவந்து விடும். மீதியைக் கண்தான் செய்ய வேண்டும். இந்த இடத்தில்தான் அதிகப் பொறுமை வேண்டும்.

பாதுகாப்பாகப் பார்க்க நான் செய்வது இது. போட்டோ ஃபிரேமில் வரும் மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை, கற்றை அதன் முகத்தில் ஏறக்குறைய நேராகப் படும்படி நிறுத்துங்கள். இரண்டு பரப்பும் சேர்ந்து சுமார் 8 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். மிச்சம் ஊடுருவிப் போய்ச் செங்கலில் முடியட்டும். திரும்பிய கற்றையின் வழியில் அதேபோல் இன்னொரு துண்டு. அதுவும் 8 சதவீதத்தைத்தான் திருப்பும். அதன் ஊடே போவதற்கும் ஒரு செங்கல் வையுங்கள். கடைசியில் ஒரு வாட் கற்றையிலிருந்து 7 மில்லிவாட்டுக்குக் குறைவாகவே வரும். அதை ஒரு பூதக்கண்ணாடி லென்ஸால் விரித்து, கையகல வட்டமாக வெள்ளைப் பரப்பில் விழவைத்துப் பாருங்கள். இந்தக் கற்றையையும் நேராகக் கண்ணில் வாங்கக் கூடாது. சிதறிய வட்டத்தைப் பார்க்கலாம்.

கண்ணாடித் துண்டை ஏன் ஏறக்குறைய நேராக வைக்கச் சொல்கிறேன் என்றால், 45 டிகிரியில் சாய்த்து வைத்துத்தான் நான் முதலில் ஏமாந்தேன். லேசர் டையோடின் ஒளி ஒரே தளத்தில் அதிர்வது. 45 டிகிரியில் கண்ணாடியின் ஒரு பரப்பு, ஒரு திசையில் அதிரும் ஒளியில் 9 சதவீதத்தைத் திருப்பும்; அதற்குக் குறுக்காக அதிரும் ஒளியில் 1 சதவீதத்தைக்கூடத் திருப்பாது. என் பெட்டியில் சிவப்பு டையோடு மற்ற இரண்டுக்கும் குறுக்காக மாட்டப்பட்டிருந்தது. கண்ணாடியில் பிரமாதமான வெள்ளை வந்தது. சுவருக்கு விட்டால் வேறு நிறம். இரண்டு ராத்திரி போன பிறகுதான் காரணம் புரிந்தது.

வெள்ளைப் பரப்பு எது என்பதும் முக்கியம். சொட்டுநீலம் போட்ட வேட்டி வேண்டவே வேண்டாம், அது ஏற்கெனவே நீலச் சாயம் ஏறியது. கடையில் வாங்கும் வெள்ளைத் தாளிலும் ஒளிரும் சாயம் கலந்திருக்கும். பிளம்பர் குழாய் மரையில் சுற்றும் டெஃப்லான் டேப்பை வாங்கி, ஒரு ஓட்டுத் துண்டில் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றுங்கள். மூன்று நிறத்தையும் ஒரே மாதிரி சிதறடிக்கும் பரப்பு இவ்வளவு மலிவாக வேறு எதிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

அதன் பக்கத்திலேயே 6500 கெல்வின் என்று அச்சிட்ட எல்.இ.டி. பல்பின் வெளிச்சம் விழட்டும். காகிதக் குழாயால் மூடி, லேசர் வட்டத்தின் வெளிச்ச அளவுக்கே குறையுங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் வளர்ந்த நமக்கு வெள்ளை என்றால் அதுதான். வார்ம் ஒயிட் பல்பை ஒப்பீட்டுக்கு வைத்தால் எல்லாமே நீலமாகத் தெரிந்து நீலத்தைக் குறைத்துவிடுவீர்கள். ஒப்பிட எதுவுமே இல்லாமல் இருட்டில் தனியாகப் பார்த்தால், கண் ஐந்து நிமிடத்தில் எந்த நிறத்தையும் வெள்ளை என்று ஏற்றுக்கொள்ளும்.

இனி வரிசை. நீலத்தை முழுதாக அணையுங்கள். சிவப்பும் பச்சையும் சேர்ந்து எலுமிச்சம்பழ மஞ்சள் வர வேண்டும், அதுவும் லேசாகப் பச்சை ஓடும் மஞ்சள். மஞ்சள்கிழங்கு நிறம் வந்தால் பச்சை போதவில்லை. இளந்தளிர் போலத் தெரிந்தால் பச்சை அதிகம். அந்த மஞ்சளைப் பிடித்த பிறகு அந்த இரண்டு ப்ரீசெட்டையும் தொடாதீர்கள். இப்போது நீலத்தைச் சுழியத்திலிருந்து மெல்ல ஏற்றுங்கள். மஞ்சள் வெளிறும், தந்தம் போலாகும், அப்புறம் சட்டென்று பல்பின் வட்டத்தோடு கலந்துவிடும். அங்கே நிறுத்துங்கள். மூன்றையும் ஒரே நேரத்தில் திருப்பிக்கொண்டிருந்தால் விடியும் வரை முடியாது.

சரிபார்க்க, பச்சையை மட்டும் அணைத்துப் பாருங்கள்: வாடாமல்லிப் பூவின் நிறம் வர வேண்டும். சிவப்பை அணைத்தால் மயில்கழுத்து.

செல்போன் கேமராவை நம்ப வேண்டாம். அது தன் போக்கில் வெள்ளையை மாற்றிக்கொள்ளும். லேசர் கற்றை சென்சாரில் பட்டால் கேமராவே கெட்டுவிடும். அதற்குப் பதில் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். லேசர் வெள்ளை மூன்றே மூன்று கூர்மையான அலைநீளங்களால் ஆனது. அதனால் ஆளுக்கு ஆள் கொஞ்சம் வேறுபட்டுத் தெரியும். வயதானவர்களின் கண் லென்ஸ் மஞ்சளிப்பதால் அவர்களுக்கு நீலம் குறைவாகத் தெரியும். எனக்குத் தூய வெள்ளையாக இருந்ததைப் பார்த்து, உதவிக்கு வரும் பையன் "அண்ணே, லேசா ரோஸ் அடிக்குதே" என்றான். இருவருக்கும் நடுவில் வைத்தேன்.

மங்கலான வெள்ளை

உச்சத்தில் வெள்ளை சரியாக இருந்து, பாதி வெளிச்சத்தில் நிறம் மாறலாம். ஒவ்வொரு டையோடும் வேறு வேறு மின்னோட்டத்தில் தொடங்குவதுதான் காரணம். மென்பொருளில் 25, 50, 75 சதவீத வெள்ளைப் பட்டைகளை வரைந்து பாருங்கள். அடிமட்டத்தில் எந்த நிறம் குறைகிறதோ அதன் தொடக்க ப்ரீசெட்டை ஒரு முடி அளவு ஏற்றுங்கள். அதை ஏற்றினால் உச்சமும் கொஞ்சம் நகரும். திரும்ப மேலே போய்ச் சரிசெய்யுங்கள். இரண்டு மூன்று சுற்றில் அடங்கிவிடும். நடுவில் மிஞ்சும் வேறுபாட்டை மென்பொருளின் நிற வளைவில் சரிசெய்யலாம்.

வெப்பம்: நம் ஊர்ப் பிரச்சினை

அந்தக் குத்துவிளக்கு ஏன் களிம்பு ஏறியது? நான் ராத்திரி வீட்டில், விசிறிக்குக் கீழே சமன் செய்திருந்தேன். கோயிலில் பெட்டி ஆம்ப்ளிஃபயர் மேலேயே உட்கார்ந்திருந்தது. சிவப்பு டையோடு மற்ற இரண்டையும்விடச் சூட்டுக்குச் சீக்கிரம் வாடும். அதே மின்னோட்டத்துக்கு ஒளி குறையும். கூடவே ஒரு டிகிரிக்குச் சுமார் 0.2 நானோமீட்டர் வீதம் அலைநீளம் நீளும். 15 டிகிரி ஏறினால் 638 என்பது 641 ஆகிவிடும். மூன்று நானோமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் அந்த இடத்தில் கண்ணின் உணர்வு செங்குத்தாக இறங்குகிறது. அதே மில்லிவாட் எட்டில் ஒரு பங்கு குறைந்து தெரியும். ஒளியும் குறைந்து, கண்ணும் குறைவாகப் பார்த்தால் வெள்ளையிலிருந்து சிவப்பு நழுவி மயில்கழுத்துதான் மிஞ்சும்.

அதனால் சிவப்பை லேத் பட்டறையில் வெட்டி வாங்கிய கனமான அலுமினியக் கட்டையில் மாட்டுங்கள், தெர்மல் பேஸ்ட் மெல்லிசாகப் போதும். பெட்டியை ஆம்ப்ளிஃபயர் மீதும் ஜெனரேட்டர் பக்கத்திலும் வைக்காதீர்கள். சமன் செய்வதை, ஓடப்போகும் நேரத்தின் வெப்பத்தில், அரை மணி நேரம் ஓடிய பிறகு செய்யுங்கள்.

மின்குளிர்விப்பான் (மின்சாரம் கொடுத்தால் ஒரு பக்கம் குளிரும் தட்டு) வைப்பவர்கள் டெல்டாவின் ஈரத்தை மறக்கக் கூடாது. 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள ராத்திரியில் சுமார் 26 டிகிரியிலேயே பனி படியும். தட்டை 20க்கு இறக்கினால் டையோடின் கண்ணாடி வியர்த்துவிடும். 28க்குக் கீழே போகாதீர்கள். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி பக்கம் உப்புக் காற்று வேறு; பெட்டியின் மூடியில் ரப்பர் பட்டை கட்டாயம்.

புகையில் தெரியும் வெள்ளை

சுவரில் சரியாக இருக்கும் வெள்ளை, சாம்பிராணிப் புகையில் நீலம் பூசித் தெரியும். அந்தப் புகையின் துகள்கள் மிகச் சின்னவை; நீலத்தை அதிகமாகச் சிதறடிக்கும். ஃபாக் மெஷின் புகையின் துளிகள் பெரியவை, நிறத்தை அவ்வளவாக மாற்றாது. கற்றையையே காட்டுவதாக இருந்தால், மென்பொருளில் நீலத்தைக் கொஞ்சம் குறைத்துத் தனியாக ஒரு அமைப்பைச் சேமித்து வையுங்கள். இதற்காகப் ப்ரீசெட்டைத் தொட வேண்டாம்.

கற்றை ஆட்களின் தலைக்கு மேலே போகட்டும். ஆட்கள் நிற்கும் தரையிலிருந்து 3 மீட்டர் உயரம், பக்கவாட்டில் 2.5 மீட்டர் என்பது அமெரிக்காவில் உள்ள விதி. நானும் அதையே வைத்துக்கொள்கிறேன். வானத்தை நோக்கி ஒருபோதும் விடாதீர்கள். தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 முதல் சுகோய் 30 படைப்பிரிவு இருக்கிறது. திருச்சியில் பயணிகள் விமானம் இரவிலும் இறங்குகிறது. விமானியின் கண்ணில் ஒரு நொடி பட்டாலே ஆபத்து. சுவர் இருந்தால் வரையுங்கள், இல்லையென்றால் படுதா கட்டுங்கள்.

எல்லாம் சரியானதும் ஆறு ப்ரீசெட்டின் திருகுத் தலையிலும் ஒரு சொட்டு நகப்பூச்சு வையுங்கள். வண்டி ஆட்டத்தில் நகராது. மூடியின் உட்புறம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, தேதி, அன்றைய வெப்பம், மூன்று நிறத்தின் மில்லிவாட், மூன்று மின்னோட்டம் எல்லாம் எழுதுங்கள். அடுத்த திருவிழாவுக்கு முன்னால் சிவப்பை மட்டும் மறுபடி அளந்து, அந்த எண்ணோடு வைத்துப் பாருங்கள். குறைந்திருந்தால் மற்ற இரண்டையும் அதே விகிதத்தில் இறக்குங்கள்.